‘தி அமெரிக்கன்ஸ்’: வீட்டுக் காட்சி வந்தால் ஓட்டிவிடாதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி எபிசோடு வரை எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

2013 முதல் 2018 வரை எஃப்எக்ஸ் சேனலில் வந்த தொடர் இது. ஆறு சீசன், 75 எபிசோடு. கதை 1980களில், வாஷிங்டனை ஒட்டிய புறநகரில் நடக்கிறது. பிலிப்பும் எலிசபெத்தும் டிராவல் ஏஜென்சி நடத்தும் தம்பதி. பெய்ஜ், ஹென்றி என்று இரண்டு பிள்ளைகள். அப்பா அம்மா இருவரும் சோவியத் உளவு அமைப்பான கேஜிபி அனுப்பிய ரஷ்ய உளவாளிகள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. போதாததற்கு, எதிர்வீட்டுக்குக் குடிவருகிறவர் ஸ்டான் பீமன். உளவாளிகளைப் பிடிக்கும் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் அதிகாரி.

முதல் தடவை பார்த்தபோது நான் செய்த தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். விக், ஒட்டுமீசை, கார் டிக்கிக்குள் கட்டிப்போட்ட ஆள், குடை முனையில் விஷம் என்று வந்தால் நிமிர்ந்து உட்காருவேன். நால்வரும் சாப்பாட்டு மேசையில் பேச ஆரம்பித்தால் பத்துப் பத்து நொடியாகத் தள்ளிவிடுவேன். இரண்டாவது சீசன் பாதியில் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் திரும்ப முதலிலிருந்து வர வேண்டியதாயிற்று. அப்புறம்தான் தெரிந்தது, நான் தள்ளிவிட்டதில்தான் கதையே இருக்கிறது என்று.

அந்த வீட்டின் துணி துவைக்கும் அறையையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய மறைவிடம் அங்கேதான். ராத்திரி நேரத்தில் அம்மா அங்கே நின்று துணி மடிப்பதைப் பெய்ஜ் பார்த்துவிடுகிறாள். இந்நேரத்தில் என்ன துணி? முதல் சீசன் முடிவில் அவள் தனியாக இறங்கிப்போய் அந்த அறையை நோண்டிப் பார்க்கிறாள். துண்டும் சட்டையும்தான் இருக்கின்றன. ஒரு துப்பாக்கிகூட வெளியே வராத இந்தக் காட்சிதான் அடுத்த ஐந்து சீசனுக்கும் விதை.

அடுத்த தவறு, பிலிப்–எலிசபெத் கல்யாணத்தை வெறும் வேஷம் என்று நினைத்துக்கொள்வது. கேஜிபி ஜோடி சேர்த்து அனுப்பியது உண்மைதான். பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம் மாதிரி. என்ன, பெரியவர் இடத்தில் ஒரு ஜெனரல். பழைய வாழ்க்கையைப் பற்றி உங்களுக்குள்ளேயும் பேசக் கூடாது என்று உத்தரவு. இரண்டு பிள்ளை பெற்று, பதினைந்து வருஷத்துக்கு மேல் ஒரே கட்டிலில் படுத்து எழுந்த பிறகும் மனைவியின் நிஜப்பெயர் கணவனுக்குத் தெரியாது. முதல் எபிசோடின் முடிவில்தான் அவள் சொல்கிறாள்: பெயர் நடேஷ்தா, ஊர் ஸ்மோலென்ஸ்க்.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இடம் முதல் சீசனிலேயே இருக்கிறது. எஃப்பிஐ அலுவலகத்தில் செயலராக இருக்கும் மார்த்தாவை, கிளார்க் என்ற பெயரில் பிலிப் திருமணம் செய்துகொள்கிறான். மாப்பிள்ளையின் சகோதரியாக அங்கே உட்கார்ந்திருப்பது யார்? எலிசபெத். முழுப் பொய்யான அந்தச் சடங்கைப் பார்த்துவிட்டு வந்து, நாமும் அந்த உறுதிமொழியைச் சொல்லியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்குமா என்று அவள் கேட்கிறாள். அவர்களுக்குச் சடங்கே நடக்கவில்லை, காகிதம் மட்டும்தான். ஐந்தாவது சீசனில் ஒரு ரஷ்யப் பாதிரியார் முன்னால், சொந்தப் பெயரில், ரகசியமாகக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். ஊருக்குத் தெரிந்த கல்யாணம் பொய், யாருக்கும் தெரியாத கல்யாணம் நிஜம். இதைத் தவறவிட்டால் இவர்களுடைய சண்டைகள் வெறும் சிடுசிடுப்பாகத் தெரியும்.

‘பெய்ஜைத் தாங்க முடியவில்லை’ என்று சொல்லாத ஆள் குறைவு. சரி, அந்தப் பெண் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அப்பா அம்மா வேளைகெட்ட வேளையில் கிளம்பிப் போகிறார்கள். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஹெலன் என்று ஒரு வயதான அத்தை மட்டும். அவளையாவது பார்த்துவிடலாம் என்று பெய்ஜ் தனியாகப் பஸ் ஏறிப் பென்சில்வேனியா போகிறாள். அந்த அத்தையும் ஏற்பாடு செய்து வைத்த ஆள்தான். சொந்தபந்தமே இல்லாமல் வளர்ந்த பிள்ளை, கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசிய தேவாலயத்தைப் பிடித்துக்கொண்டதில் என்ன அதிசயம்?

உண்மையைச் சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்று நம்புவது இன்னொரு தவறு. நானும் மூன்றாவது சீசனில் அப்படித்தான் நம்பினேன். சமையலறை மேசையில் பெய்ஜ் நேருக்கு நேர் கேட்கிறாள், சொல்லியும் விடுகிறார்கள். அப்பாடா என்று இருந்தது. ஆனால் அதுவரை இரண்டு பேர் சுமந்ததை அன்றிலிருந்து மூன்றாவது ஆளும் சுமக்கிறாள், அவ்வளவுதான். தாங்க முடியாமல் அந்தத் தேவாலயத்தின் போதகர் டிம்முக்குப் போன் போட்டு அழுதுகொண்டே சொல்லிவிடுகிறாள். அடுத்த சீசனில் அதே போதகர் வீட்டுக்குத் தொடர்ந்து போய்வரச் சொல்லி அம்மா அனுப்புகிறாள்: அவரும் மனைவியும் என்ன பேசுகிறார்கள், யாரிடமாவது வாய்விட்டார்களா என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். பொய் சொல்லாதே என்று பெற்றோரைக் கேட்ட பெண், தான் நம்பிய ஒரே மனிதரை வேவு பார்க்கிறாள். இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பயமாக இருந்த பகுதி இதுதான்.

ஸ்டானை முட்டாள் என்று முடிவுகட்டுவதும் நியாயமில்லை. முதல் எபிசோடிலேயே சந்தேகப்பட்டு எதிர்வீட்டு கராஜுக்குள் புகுந்து கார் டிக்கியைத் திறந்து பார்த்தவர் அவர். சில மணி நேரம் முந்திப் போயிருந்தால் உள்ளே கட்டிப்போட்ட ஆள் கிடைத்திருப்பான், கதையே முடிந்திருக்கும். பல வருஷம் மாறுவேஷத்தில் வெள்ளை இனவெறியர்களோடு இருந்துவிட்டு வந்ததில் அவருடைய குடும்பமே கலைந்துபோனது. மிச்சம் இருந்த நண்பன் பிலிப். அவனையும் சந்தேகப்பட்டால் கூட உட்கார்ந்து பீர் குடிக்க ஆள் கிடையாது.

‘இதெல்லாம் டிவியில்தான் நடக்கும்’ என்கிறவர்களுக்கு: 2010 ஜூன் 27 அன்று எஃப்பிஐ இப்படி வேஷம் போட்டு வாழ்ந்த பத்து ரஷ்ய உளவாளிகளைப் பிடித்தது. தொடரை உருவாக்கிய ஜோ வைஸ்பெர்க், அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் முன்னாள் ஆள். அவருக்குப் பொறி கிடைத்தது அங்கேதான். பிடிபட்டதில் ஒரு தம்பதி ஹார்வர்டுக்குப் பக்கத்தில் கனடாக்காரர்களாக வாழ்ந்தவர்கள். கதவு தட்டப்பட்டபோது வீட்டில் மூத்த மகனின் இருபதாவது பிறந்தநாள். டொராண்டோவில் பிறந்த இளைய மகன் தன் கனடியக் குடியுரிமைக்காக அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019 டிசம்பரில் ஜெயித்தார். 2024 ஆகஸ்ட் 1 கைதிப் பரிமாற்றத்தில் மாஸ்கோ போன இன்னொரு தம்பதி, ஸ்லோவேனியாவில் அர்ஜென்டினாக்காரர்களாக இருந்தவர்கள். தாங்கள் ரஷ்யர்கள் என்பதே அவர்களுடைய பிள்ளைகளுக்கு விமானம் கிளம்பிய பிறகுதான் தெரிந்தது என்று ரஷ்ய அதிபர் மாளிகையே சொன்னது. ரஷ்ய மொழி தெரியாத அந்தக் குழந்தைகளை புதின் ஸ்பானிஷில் வரவேற்றார்.

கடைசியாக ஹென்றி. அவனை எழுத்தாளர்கள் மறந்துவிட்டார்கள் என்று கேலி செய்வார்கள். மறந்தது அப்பா அம்மா. ஐந்தாவது சீசனில் பள்ளியிலிருந்து அழைப்பு வந்ததும், பையன் என்ன வம்பு பண்ணினானோ என்று போகிறார்கள். கணக்கில் அவன் கெட்டிக்காரன், மேல் வகுப்புக் கணக்கு படிக்கலாம் என்கிறார் ஆசிரியர். பெற்றோருக்கு அப்போதுதான் தெரிகிறது. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவனைத் தூரத்து விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோகிறது. கடைசி எபிசோடில் குட்டு உடைந்து தப்பி ஓடும்போது அவனை அழைத்துப் போவதில்லை என்று முடிவெடுக்கிறார்கள். வழியில் ஒரு பொதுத் தொலைபேசியில் கூப்பிட்டு, எதையும் சொல்லாமல், பாசமாக ஏதோ பேசிவிட்டு வைக்கிறார்கள். பெய்ஜும் கனடா எல்லைக்கு முன் ரயிலிலிருந்து இறங்கிவிடுகிறாள். ஹாக்கி மைதானத்தில் ஹென்றியிடம் விஷயத்தைச் சொல்லப் போகிறவர் ஸ்டான். கேமரா தூரத்திலேயே நிற்கிறது. அவர் என்ன சொல்கிறார் என்பது நமக்குக் கேட்பதில்லை.