போர்க்காலத்துக்குத் திட்டமிடும் பல்கலைக்கழகங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழகங்களின் மூலோபாயத் திட்டங்களில் ஸ்மார்ட் வகுப்பறை இருக்கும், புது மென்பொருள் இருக்கும். வளாகத்துக்குள் யாருமே போக முடியாத நாள் வந்தால் என்ன செய்வது என்ற பக்கம்தான் இருக்காது. 1980களின் கடைசியில் கிளர்ச்சியால் பல்கலைக்கழகங்கள் நீண்ட காலம் மூடிக் கிடந்த நாடு நம் இலங்கை. 1989 மார்ச்சில் கொழும்புப் பல்கலைக்கழகத் துணைவேந்தரையே சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பக்கத்தை எழுதாமல் விட நமக்கு நியாயமே இல்லை.

பெரிய தவறு, எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் வைத்திருப்பது. 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. பலவற்றுக்கு வேறெங்கும் பிரதி இல்லை. இன்று "பேக்கப் இருக்கிறது" என்பார்கள். போய்ப் பார்த்தால் சேர்வர் அறை அலுமாரிக்குள்ளேயே ஒரு ஹார்ட் டிஸ்க். தீ வந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். இடம்பெயர்ந்த மாணவருக்குப் பெறுபேற்று ஆவணம் இல்லையென்றால், படித்த வருடங்கள் எல்லாம் வீண். 2022 படையெடுப்பின்போது உக்ரைன் தன் அரசுத் தரவுகளை வெளிநாட்டு கிளவுடுக்கு மாற்றியது. நாமும் ஒரு பிரதியை வேறு ஊரிலும் இன்னொன்றை நாட்டுக்கு வெளியிலும் வைக்க வேண்டும். தவணைக்கு ஒருமுறை ஒரு பிரிவின் புள்ளிகளை வேறு கணினியில் மீட்டுப் பார்க்கவும் வேண்டும். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பவே கூடாது. பாஸ்வேர்டும் ஒரே அதிகாரியின் தொலைபேசியோடு நின்றுவிடக் கூடாது.

அடுத்தது, இணையம் எப்போதும் இருக்கும் என்ற நினைப்பு. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகும் 2022 ஏப்ரலிலும் வாட்ஸ்அப்பை முடக்கினார்கள். பரீட்சை அறிவித்தலை வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடும் பீடம் அன்று என்ன செய்யும்? எஸ்எம்எஸ், வானொலி, சிறிய பிடிஎஃப் எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும், மூன்று மொழியிலும். வசதியான கொழும்பு 7இன் இணைய வேகத்தை வைத்து ஹட்டன் தேயிலைத் தோட்ட லயத்து மாணவிக்குத் திட்டம் போட முடியாது.

கடைசியாக, தேவையில்லாத விவரங்களைச் சேர்ப்பது. 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கலவரக்காரர்கள் தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். இன்று இனம், மதம், தங்குமிடம், கைரேகை வருகைப்பதிவு எல்லாம் ஒரே கோப்பில் கிடக்கின்றன. நிலைமை முற்றினால் அதைக் கேட்டு யார் வருவார்கள் என்று சொல்ல முடியாது. கற்பித்தலுக்குத் தேவைப்படாத விவரத்தைக் கேட்கவே வேண்டாம். கேட்டிருந்தால் தனியாகப் பூட்டி வையுங்கள், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். யார் கேட்டால் கொடுப்பது, யாருடைய கையெழுத்து வேண்டும் என்பதை அமைதியாக இருக்கும்போதே மூதவையில் (செனட்டில்) முடிவுசெய்து எழுதி வையுங்கள்.