வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? ஸ்பேனரை அப்புறம் எடுக்கலாம்

ஒரு மழைக்கால காலையில் என் பழைய 100 சிசி வண்டியை நாற்பது தடவையாவது உதைத்திருப்பேன். சட்டை நனைந்ததுதான் மிச்சம். தெருமுனை ஒர்க்‌ஷாப் வரை தள்ளிக்கொண்டு போனேன். மெக்கானிக் அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைக்கவே இல்லை. மற்ற கையால் ஹேண்டில்பாரில் இருந்த சிவப்பு ஸ்விட்சை ஒரு தட்டு தட்டிவிட்டு, "இப்ப உதைங்க தம்பி" என்றார். ஒரே உதை. முந்தின நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பையன் வண்டிமேல் ஏறி விளையாடியது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

முதலில், கை அழுக்காகாத வேலைகள்

கில் ஸ்விட்ச் (இன்ஜினை நிறுத்தும் அந்தச் சிவப்பு ஸ்விட்ச்) ஆனில் இருக்கிறதா? வண்டி நியூட்ரலில் இருக்கிறதா? சைடு ஸ்டாண்டு ஏறியிருக்கிறதா? புது வண்டிகள் பலவற்றில் சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தால் இன்ஜின் கிளம்பாது. பெட்ரோல் இருக்கிறதா என்று வண்டியை ஆட்டி, டேங்க்கில் சத்தம் கேளுங்கள். இருட்டில் தீக்குச்சி கிழித்து டேங்க்குக்குள் பார்க்கும் வீரம் வேண்டாம். பெட்ரோல் காக் (டேங்க்கிலிருந்து வரும் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு) உள்ள வண்டி என்றால் அதை ரிசர்வில் திருப்பிவிட்டு, ஒரு நிமிடம் பொறுத்து முயற்சி செய்யுங்கள்.

செல்ஃப் பட்டனை அழுத்திக் கேளுங்கள்

சத்தமே இல்லை, சாவி போட்டும் ஒரு விளக்கும் எரியவில்லை என்றால் ஃபியூஸ் போயிருக்கலாம், அல்லது பேட்டரி டெர்மினல் கழன்றிருக்கலாம். ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில் புதிது போடுங்கள். செம்புக் கம்பியைச் சுற்றிவிடாதீர்கள், வயரிங்கே கருகிவிடும்.

'டிக் டிக்' என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை. முழு சார்ஜ் உள்ள 12 வோல்ட் பேட்டரி, மல்டிமீட்டரில் சுமார் 12.6 காட்டும். 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட வேண்டியதுதான். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றி உப்புத்தாளால் தேயுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். பெட்ரோல் வரவில்லை, அல்லது பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கில் கரண்ட் வரவில்லை. எது என்று பிளக்கே சொல்லிவிடும்.

பிளக்கைக் கழற்றுவது

இன்ஜின் ஆறட்டும். பிளக் கேப்பை வயரைப் பிடித்து இழுக்காமல், கேப்பையே பிடித்து இழுங்கள். சுற்றியிருக்கும் மண்ணை ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அது நேராக சிலிண்டருக்குள் போகும். பிறகு பிளக் ஸ்பேனரை இடதுபக்கமாகத் திருப்பிக் கழற்றி முனையைப் பாருங்கள்.

காப்பித்தூள் நிறம் என்றால் பிளக் ஆரோக்கியமாக இருக்கிறது. கரிக்கட்டை போல இருந்தால் கார்பன் பிடித்திருக்கிறது. பிரஷ்ஷால் சுத்தம் செய்யலாம். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இத்தனை உதைத்தும் முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் அங்கே வரவே இல்லை. ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தால் ஓவர்ஃப்ளோ, அதாவது பெட்ரோல் அளவுக்கு மீறி வந்துவிட்டது, அல்லது கரண்ட் வரவில்லை.

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள வண்டியில் கரண்டைச் சோதிக்க, பிளக்கை மறுபடி கேப்பில் செருகி, அதன் உலோக உடம்பு இன்ஜின் உலோகத்தில் தொடும்படி வையுங்கள். பிளக் துவாரத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும். சாவியைப் போட்டு, ரப்பர் கேப்பை மட்டும் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை உதைக்கச் சொல்லுங்கள். நீலமாகப் பளிச்சென்று பொறி வந்தால் சரி. மஞ்சளாக அழுது வடிந்தால் புது பிளக் வாங்குங்கள், விலை பெரிதாக இருக்காது.

திரும்ப மாட்டும்போது கையாலேயே கடைசிவரை திருகி, பிறகு ஸ்பேனரால் லேசாக இறுக்குங்கள். பிளக் உட்காரும் சிலிண்டர் ஹெட் அலுமினியம், மரை போனால் செலவு வேறு ரகம்.

பெட்ரோல் பக்கம்

ஓவர்ஃப்ளோ என்றால் காக்கை மூடி, சோக்கை ஆஃப் செய்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகியபடி ஐந்தாறு உதை. பெரும்பாலும் இருமிக்கொண்டே பிடித்துவிடும்.

பெட்ரோல் வரவில்லை என்றால் கார்புரேட்டரின் அடியில் உள்ள டிரெயின் ஸ்குருவைத் தளர்த்தி, ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். ஒன்றும் வராவிட்டால் மேலே எங்கோ அடைப்பு. வந்தது இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றால் அடியில் இருப்பது தண்ணீர். எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியிலும், மழையில் நின்ற வண்டியிலும் இதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பெரும்பாலான புது வண்டிகள் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை பம்ப் வைத்துப் பீச்சும் முறை. அதில் சாவி போட்டதும் டேங்க் பக்கம் ஓரிரு நொடி 'ஙொய்ங்' என்று பம்ப் ஓடும். அது கேட்கவில்லை என்றால் பம்ப், ஃபியூஸ், ரிலே என்று தேட வேண்டும். பேட்டரி முழுதாகச் செத்த இன்ஜெக்‌ஷன் வண்டியை இரண்டாவது கியரில் தள்ளி ஸ்டார்ட் செய்யப் பார்ப்பதும் பெரும்பாலும் வீண் வியர்வைதான். ஸ்கூட்டரில் அந்த வித்தையே செல்லாது.

கிக்கர் தடையே இல்லாமல் தொளதொளவென்று இறங்கினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம்) போயிருக்கலாம். அதற்கு ஒர்க்‌ஷாப்தான். போகும்போது "வண்டி ஓடல" என்று மட்டும் சொல்லாமல், "கரண்ட் வருது, பெட்ரோல் வருது, கிக்கர் லூசா இருக்கு" என்று சொல்லுங்கள். அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வருவார்.