காலெரிவும் விறைப்பும்: வீட்டுச் சோதனையிலிருந்து கிளினிக் வரை

"கால் எரிகிறது, பூசுவதற்கு ஏதாவது தாருங்கள்" என்று பார்மசியில் வந்து நிற்பவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் குறைவில்லை. ஏதாவது ஒன்றைக் கொடுத்து அனுப்புவது எளிது. ஆனால் பாதத்து நரம்பு வலியில் வேலைகள் இரண்டு. எரிவைத் தணிப்பது ஒன்று. உணர்வு மங்கிவரும் காலைப் புண்படாமல் காப்பது மற்றொன்று. முதலாவதை எல்லோரும் கேட்கிறார்கள். விரலை இழந்தவர்களில் பலர் இரண்டாவதைக் கவனிக்காமல் விட்டவர்கள்.

வீட்டு முயற்சிக்கு இடமில்லாத சில நிலைமைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பாதத்தில் புண், கறுத்த விரல், சீழ் இருந்தாலோ, ஒரு பாதம் மட்டும் சிவந்து வீங்கிச் சூடாக இருந்தாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். இரு கால்களும் சில நாட்களுக்குள் வலுவிழந்துகொண்டே வந்தாலும், தொடையிடுக்கு விறைத்துச் சிறுநீர் போவது தெரியாமல் இருந்தாலும் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

படி 1: இது நரம்பு வலிதானா?

முள்ளந்தண்டின் அடிப்பகுதியிலிருந்து கால்விரல் வரை போகும் நரம்புகள்தான் உடலிலேயே நீளமானவை. கிணற்று நீர் குறையும்போது தோட்டத்தின் கடைசிப் பாத்திதான் முதலில் வாடும். நரம்பும் அப்படித்தான், நுனியிலிருந்து கெடத் தொடங்குகிறது. அதனால் இரண்டு கால்களிலும், விரல்களில் ஆரம்பித்து, காலுறை போட்ட இடம்போல மேலே ஏறும். எரிவு, ஊசி குத்துவது, மின்சாரம் அடித்ததுபோன்ற வெட்டு, பஞ்சில் நடப்பதுபோன்ற விறைப்பு எல்லாம் இதன் முகங்கள். பகலைவிட இரவில் படுத்தபின் கூடும். போர்வை உரசினாலே சிலருக்குத் தாங்காது.

இடுப்பிலிருந்து ஒரு காலில் மட்டும் இறங்கும் வலி பெரும்பாலும் முள்ளந்தண்டில் நரம்பு அழுத்தப்படுவதால் வருவது. நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டுவிடும் வலி இரத்த ஓட்டக் குறைவைக் காட்டலாம். இவற்றுக்கு வைத்தியம் வேறு.

படி 2: தொட்டுப் பார்க்கும் சோதனை

இதற்கு ஒரு விரல் போதும், கருவி எதுவும் தேவையில்லை. கட்டாயம் செய்துபாருங்கள்.

அப்பாவையோ அம்மாவையோ காலுறை கழற்றிப் படுக்கச் சொல்லுங்கள். கண்களை மூடிக்கொள்ளட்டும். தொடுவது தெரிந்தால் "வலது" அல்லது "இடது" என்று சொல்ல வேண்டும். உங்கள் சுட்டுவிரல் நுனியால், இறகு படுவதுபோல, ஓரிரு விநாடி மட்டும் தொடுங்கள். வலது பெருவிரல், வலது சின்னவிரல், இடது பெருவிரல், இடது சின்னவிரல், பிறகு வலது நடுவிரல், இடது நடுவிரல் என்ற ஒழுங்கில் ஆறு இடங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. தெரியவில்லை என்றால் திரும்பத் தொட்டுப் பார்க்கவும் கூடாது. பாசத்தில் இன்னொரு தரம் அழுத்தித் தொடுகிற பிள்ளைகள்தான் இந்தச் சோதனையைக் கெடுப்பவர்கள்.

ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியாமல் போனால், காயம் படுவதை உணர்த்திப் பாதத்தைக் காக்கும் உணர்வு குறைந்திருக்கக்கூடும். முடிவைத் திகதியோடு கிளினிக் கொப்பியில் எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள். எல்லாம் தெரிந்தாலும் எரிவு இருந்தால் படி 3 உங்களுக்கும் உண்டு.

படி 3: காரணத்தைத் தேடுதல்

முதல் சந்தேகம் நீரிழிவுதான். வெறும் வயிற்றுச் சீனி அளவோடு, ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையையும் கேளுங்கள். கிளினிக் நாளுக்கு முந்திய கிழமை மட்டும் சோற்றைக் குறைப்பவர்களை இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது விற்றமின் பி12. மச்சம், முட்டை தொடாதவர்களுக்கு, பாலும் தயிரும்கூடக் குறைவாக எடுத்தால், இது குறையலாம். மெற்போர்மின் குளிசையை ஆண்டுக்கணக்கில் போடுபவர்களுக்கும் குறையலாம். அதற்காக மெற்போர்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பி12 அளவைப் பார்த்து ஈடு செய்துகொள்ளலாம். தைரொயிட், சிறுநீரகப் பரிசோதனைகளையும் வைத்தியர் சேர்ப்பார். கள்ளோ சாராயமோ வழக்கமாகக் குடிப்பவர் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். காசநோய்க்கு மருந்து எடுப்பவரும் எடுத்தவரும் அதையும் சொல்ல வேண்டும். தோலில் உணர்வற்ற வெளிறிய தேமல் இருந்தால் தொழுநோய்க்கும் பார்ப்பார்கள்; அது மருந்தால் குணமாகும் நோய்.

அரச வைத்தியசாலைகளில் பார்வையிடக் கட்டணம் இல்லை. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு நேரே ஓடாமல், அருகிலுள்ள அரச வைத்தியசாலையிலோ குடும்ப வைத்தியரிடமோ தொடங்கினால் வரிசையில் நிற்கும் நேரமாவது மிஞ்சும்.

படி 4: இன்றிரவு என்ன செய்யலாம்

சுடுதண்ணீர், நொச்சியிலை ஒத்தடம், வெயிலில் காய்ந்த மணல், சூட்டுப் பை எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். நம் ஊரில் வலி என்றாலே சூடு வைக்கும் பழக்கம் உண்டு. உணர்வில்லாத கால் வெந்தாலும் சொல்லாது. ஐஸ் கட்டியை நேரே வைப்பதும் அதே அளவுக்குக் கெடுதல். சாதாரண குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துவாயைச் சற்று நேரம் போடுங்கள். தளர்வான பருத்திக் காலுறை போர்வை உரசுவதைத் தடுக்கும். புண் இல்லாதவர்கள் மாலையில் நல்ல செருப்போடு மெதுவாக நடந்தால் இரவு சற்று இலகுவாகும்.

மிளகாயின் காரப்பொருளான கப்சைசின் சேர்ந்த கிறீம் சிலருக்குப் பலன் தருகிறது, வைத்தியர் சொன்னால் பூசலாம். வீட்டு மிளகாய்த்தூளை எண்ணெயில் குழைத்துப் பூசலாமா என்று கேட்டவர்களும் உண்டு. கூடவே கூடாது.

படி 5: மருந்து

பரசிற்றமோல் இந்த வலிக்குப் பெரிதாக உதவாது. டைக்ளோபெனாக்கும் உதவாது, நீரிழிவுக்காரரின் சிறுநீரகத்தையும் அது பதம் பார்த்துவிடும்.

நரம்பு வலிக்கென்று வைத்தியர்கள் தருபவை அமிற்றிப்டிலின், டுலொக்செற்றின், கபபென்ரின், பிரிகபலின். அமிற்றிப்டிலினைப் பெரும்பாலும் 10 மில்லிகிராம் அளவில் இரவில் தொடங்குவார்கள். அது மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்து என்று உறையில் படித்துவிட்டு, "எனக்கென்ன பைத்தியமா?" என்று குளிசையைத் தூக்கி எறிந்தவர்கள் இருக்கிறார்கள். அதே மருந்து நரம்பு அனுப்பும் வலிச் செய்தியையும் அடக்கும், அவ்வளவுதான். வாய் உலரும், காலையில் தூக்கக் கலக்கம் இருக்கும். இருதய நோய், கண் அழுத்த நோய், சிறுநீர் கழிப்பதில் சிரமம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். கபபென்ரினும் பிரிகபலினும் தலைச்சுற்றும் கால்வீக்கமும் தரலாம். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைப்பார்கள். திடீரென நிறுத்தக் கூடாது.

எதுவும் இரண்டு இரவில் வேலை செய்யாது. சில வாரங்கள் பொறுக்க வேண்டும். வலிக்குத் தினமும் பத்துக்கு ஒரு புள்ளி போட்டு எழுதிவாருங்கள். எட்டாக இருந்தது நான்குக்கு இறங்கினாலே மருந்து கைகொடுக்கிறது என்று பொருள்.

'நரம்புச் சத்து' என்று கேட்டு வாங்கும் பி விற்றமின் குளிசைகளில் ஒரு எச்சரிக்கை: பி6 அதிக அளவில் நீண்ட காலம் உள்ளே போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும். சித்த வைத்தியம் நாடுபவர்களுக்குக் கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. பெயர் தெரியாத செந்தூரப் பொட்டலங்களைவிட அங்கு போவது நல்லது. இரு பக்க வைத்தியர்களிடமும் மற்றவர் கொடுத்ததைச் சொல்லிவிடுங்கள்.

படி 6: தினமும் காலைப் பார்த்தல்

இரவு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். கொப்புளம், வெடிப்பு, குத்திய முள், நிறமாற்றம் எதுவும் தப்பக் கூடாது. கழுவும் நீரின் சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும். விரலிடுக்கை ஈரமின்றி ஒற்றி எடுங்கள். தேங்காயெண்ணெயைப் பாதத்துக்குப் பூசலாம், விரலிடுக்குக்கு வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள். ஆணிக்காலைப் பிளேட்டால் சீவ வேண்டாம்.

வளவுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. நெருஞ்சியும் பனைமட்டைக் கருக்கும் வளவில்தான் கிடக்கின்றன. கோயில்தான் சிக்கல். நல்லூர்த் திருவிழா 25 நாட்கள், அதுவும் கடும் வெயில் காலம். உச்சி வெயிலில் வீதி மணலில் வெறுங்காலோடு நின்று வெந்த பாதங்கள் உண்டு. விடியற்காலைப் பூசைக்குப் போய் வெயில் ஏறுமுன் திரும்புங்கள். முருகன் கோபிக்க மாட்டார்.

படி 7: செருப்பு வாங்குதல்

விறைத்த கால் இறுக்கமான செருப்பைத்தான் "அளவாக இருக்கிறது" என்று சொல்லும். அதன் பேச்சை நம்பாமல், மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் கடதாசியில் பாதத்தை வைத்து வரைந்து வெட்டிக் கடைக்குக் கொண்டுபோங்கள். கடதாசி மடங்காமல் செருப்புக்குள் படுக்க வேண்டும். விரலிடுக்கில் வார் உள்ள இறப்பர்ச் செருப்பு இவர்களுக்கு உதவாது. குதிக்காலைப் பின்னால் பிடிக்கும் வார் இருக்க வேண்டும். வாங்கியதை முதல் நாள் வீட்டுக்குள் அரை மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். எங்காவது சிவந்த தடம் தெரிந்தால், விலை எவ்வளவாக இருந்தாலும், அந்தச் செருப்பு வீட்டில் வேறு யாருக்காவது போகட்டும்.