ஸ்டூடண்ட் ரேஸிங் டீம்: டிரைவர் கியர் வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

காலேஜ் ரேஸிங் டீம்களின் பட்ஜெட் ஷீட்டைத் திறந்தால் இன்ஜின், டயர், இசியூ எல்லாம் மேலே இருக்கும். டிரைவரின் ஹெல்மெட்டும் சூட்டும் கடைசி வரியில், ‘மிச்சமிருந்தால் பார்த்துக்கலாம்’ என்ற கணக்கில் கிடக்கும். ஆனால் மாணவர்கள் தாங்களே கட்டிய காரை ஓட்டும் ஃபார்முலா எஸ்ஏஇ பாணிப் போட்டிகளில், நம்ம கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் உட்பட, காரோடு கியரையும் டெக் இன்ஸ்பெக்ஷனில் பார்ப்பார்கள். லேபிள் சரியில்லை என்றால், மாதக்கணக்கில் ராத்திரி முழித்து வெல்டிங் அடித்த கார் பிட்டிலேயே நிற்க வேண்டியதுதான்.

அதிகம் பேர் விழும் பள்ளம் கோ-கார்ட் சூட். பார்க்க அச்சு அசல் ரேஸ் சூட் போலவே இருக்கும், விலையும் கம்மி. ஆனால் கார்ட்டிங்கில் பெல்ட் கிடையாது. டிரைவர் தூக்கி எறியப்பட்டால் தார்ச்சாலையில் தேய்ந்துபோவார். எனவே அந்த சூட் தேய்மானத்தைத் தாங்கத் தைக்கப்பட்டது, நெருப்பைத் தாங்க அல்ல. பெரும்பாலும் நைலான் கலந்த துணி. நெருப்பு பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நோமெக்ஸ் போன்ற அராமிட் இழை உருகாது, கரியும். இந்த ஒரு வித்தியாசத்துக்குத்தான் காசு.

நெருப்பு சூட்டிலும் எல்லாம் ஒன்றல்ல. அமெரிக்காவின் எஸ்எஃப்ஐ அமைப்பு வகுத்த 3.2ஏ தரத்தில் சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். /1 என்றால், பரிசோதனையில் இரண்டாம் நிலைத் தீக்காயம் ஏற்பட சுமார் 3 விநாடி. /5 என்றால் சுமார் 10 விநாடி. ஃபார்முலா எஸ்ஏஇ ரூல்புக் குறைந்தது இரண்டு அடுக்குள்ள, ஒரே துண்டாலான சூட் கேட்கிறது: 3.2ஏ/5, அல்லது சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் 8856. அதே ரூல்புக், டிரைவர் 5 விநாடிக்குள் காரை விட்டு வெளியே வரவேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: /1 சூட் போட்டவர், சூட் கைவிட்ட பிறகும் காருக்குள்ளேதான் இருப்பார்.

சூட்டுக்குக் காசு கொட்டிவிட்டு உள்ளே பாலியஸ்டர் ஜெர்சி டி-ஷர்ட் போடும் டிரைவர்களும் உண்டு. டீம் பெயர் அச்சடித்த டி-ஷர்ட்டாம்! சூட் வழியாக இறங்கும் வெப்பமே அதை உருக்கப் போதும். நெருப்பு தாங்கும் உள்ளாடை, சாக்ஸ், பாலாக்லாவா (தலையையும் கழுத்தையும் மூடும் உறை) மூன்றையும் சூட்டோடு சேர்த்தே ஆர்டர் போடுங்கள். சாக்ஸ் குட்டையாக இருந்தால், உட்கார்ந்து பெடலை மிதிக்கும்போது சூட் மேலேறி கணுக்கால் தெரியும். எனவே நின்றபடி அல்ல, சீட்டில் உட்கார்ந்த நிலையில் சரிபார்க்க வேண்டும்.

கிளவுஸை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் ரொமெய்ன் குரோஷானின் ஃபார்முலா ஒன் கார் தடுப்பில் மோதித் தீப்பிடித்தது. சுமார் 28 விநாடி நெருப்புக்குள் இருந்துவிட்டு அவர் உயிரோடு வெளியே வந்தார். உலகின் ஆகச்சிறந்த கியர் போட்டிருந்தவர் அவர், அப்படியும் கைகள் வெந்தன. ஆபத்தில் எதையாவது பிடித்துத் தள்ளி எழுவது கைதான். பைக் கிளவுஸ், முழுத் தோல் கிளவுஸ் இரண்டும் வேண்டாம். உள்ளங்கையில் தோல் வைத்த ரேஸ் கிளவுஸ் என்றால், அந்தத் தோலுக்கு அடியிலும் நெருப்பு தாங்கும் துணி ஓடுகிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ரூல்புக் ஏற்காது.

ஹெல்மெட்டுக்கு வருவோம். ஐஎஸ்ஐ முத்திரை பைக்குக்கு. ரேஸ் ரூல்புக் தேடுவது ஸ்னெல் (ஹெல்மெட்டைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு), எஸ்எஃப்ஐ, எஃப்ஐஏ லேபிள்களை. ஸ்னெல்லில் எஸ்ஏ கார் ரேஸிங்குக்கு, எம் பைக்குக்கு, கே கார்ட்டிங்குக்கு. ஃபார்முலா எஸ்ஏஇ மூன்றையுமே ஏற்கிறது என்பதால் டீம்கள் மலிவான எம் பக்கம் போகின்றன. விதிப்படி பாஸ்தான். ஆனால் தீப்பிடிக்கும் சோதனை எஸ்ஏவுக்கு மட்டுமே உண்டு. கையில் காசு இருந்தால் எஸ்ஏ வாங்குங்கள் என்பதே என் கட்சி. சீனியர் விட்டுப்போன ஹெல்மெட் என்றால் உள்பக்கப் பஞ்சைத் தூக்கி ஸ்டிக்கரில் வருடத்தைப் பாருங்கள். ஸ்னெல் சுமார் 5 வருடத்துக்கு ஒரு புதுப் பதிப்பு கொண்டுவருகிறது, பழையவை பட்டியலிலிருந்து உதிர்ந்துகொண்டே போகும். வாங்கும்போது பாலாக்லாவா போட்டுக்கொண்டு மாட்டிப் பாருங்கள். தாடைப் பட்டையைக் கட்டியபின் பின்னாலிருந்து தூக்கினால் கழன்று வரக்கூடாது. ஹெல்மெட் மேல் கேமரா ஒட்டும் ஆசையையும் விட்டுவிடுங்கள், அதற்கு அனுமதியில்லை.

ஹெல்மெட் காரின் டிசைனையும் தொடும். டிரைவருக்குப் பின்னால் உள்ள மெயின் ஹூப் (கார் கவிழ்ந்தால் காக்கும் குழாய் வளைவு) உச்சியிலிருந்து முன்னால் உள்ள ஃப்ரண்ட் ஹூப் உச்சிக்கு ஒரு கோடு இழுத்தால், ஹெல்மெட் அதற்குக் கீழே குறைந்தது 50 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். கம்ப்யூட்டர் (CAD) மாடலில் ஒரு அளவை வைத்து சேஸிஸை முடித்துவிட்டு, பிறகு ஓடு தடித்த ஹெல்மெட் வாங்கினால் அந்த 50 காணாமல் போகும். ஹான்ஸ் (மோதலில் தலையும் கழுத்தும் முன்னால் வீசப்படாமல் பிடிக்கும் சாதனம்) வாங்க நினைப்பவர்களும் தோள் பெல்ட், ஹெட் ரெஸ்ட் இரண்டையும் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

‘எல்லாருக்கும் பொதுவாக ஒரு செட் போதும்’ என்பது கணக்கிலேயே வரும் தவறு. எண்டூரன்ஸ் என்ற நீண்ட ஓட்டம் சுமார் 22 கிலோமீட்டர், நடுவில் டிரைவர் மாற வேண்டும், அதற்கு 3 நிமிடம். ஒருவர் இறங்கும்போதே அடுத்தவர் முழுக் கியரில் தயாராக நிற்க வேண்டும். வியர்வையில் ஊறிய சூட்டைக் கழற்றி இன்னொருவருக்கு மாட்டிவிட அந்த நேரத்தில் முடியாது. குறைந்தது இரண்டு முழு செட், அதுவும் டிரைவர்களின் அளவுக்கு. சூட் இறுக்கமாக இருந்தால் அடுக்குகளுக்கு நடுவே காற்று நிற்காது, பாதுகாப்பும் குறையும்.

ஆர்ம் ரெஸ்ட்ரெயின்ட், அதாவது கை காருக்கு வெளியே போகாமல் பிடிக்கும் பட்டை, சின்னப் பொருள், கடைசி நாளில் தலைவலி தருவதும் அதுதான். நீளம் அதிகமானால் கார் கவிழும்போது கை வெளியே போகும். குறைந்தால் ஸ்டீயரிங் முழுசாகத் திரும்பாது. ஹார்னஸ் (சீட் பெல்ட்) பக்கிளைத் திறந்ததும் அதுவும் கூடவே விடுபட வேண்டும். 5 விநாடியில் வெளியேறும் பயிற்சியை டி-ஷர்ட்டில் செய்துவிட்டு சந்தோஷப்படுவதில் பயனில்லை, முழுக் கியரோடு செய்யுங்கள்.

கரடுமுரடான தடத்தில் ஓடும் மாணவர் வண்டிப் போட்டியான பாஹாவின் டீம் லிஸ்ட்டை அப்படியே காப்பி அடிக்கவும் வேண்டாம். அங்கே கழுத்தைச் சுற்றி முழு வட்டமாக வரும் காலர் கட்டாயம், குதிரை லாட வடிவம் ஆகாது. ஃபார்முலாவின் பட்டியல் வேறு.

வாங்கிய பிறகும் சூட்டைக் கெடுக்க வழி இருக்கிறது: ஸ்பான்சர் லோகோவை எல்லா அடுக்குகளையும் குத்தித் தைப்பது, சாதாரண நூல், பசை வைத்த ஸ்டிக்கர், சூட்டோடு காருக்கடியில் படுத்து ஆயில் பூசிக்கொள்வது, ஃபேப்ரிக் சாஃப்ட்னரில் ஊறவைப்பது.

ஹார்னஸ் தேதி தனி வலை. ஃபார்முலா எஸ்ஏஇ ரூல்புக்படி எஸ்எஃப்ஐ பெல்ட், தயாரித்த வருடத்துக்குப் பிறகு வரும் இரண்டாம் வருடத்தின் டிசம்பர் 31 வரைதான். எஃப்ஐஏ பெல்ட் லேபிளில் உள்ள வருடத்தின் டிசம்பர் 31 வரை. ஃபார்முலா பாரத் பொதுவாக ஜனவரியில் வரும். டிசம்பர் கடைசி வாரம் டெஸ்டிங்கில் செல்லுபடியான அதே பெல்ட், சில வாரம் கழித்து கோவையில் காலாவதி. செப்டம்பரிலேயே லேபிளை ஃபோட்டோ எடுத்துப் பார்த்துவிட்டால் புதுசு வந்துசேர நேரம் இருக்கும்.