மெத்திலேற்றம் தெரிந்தால் மரபணு முடங்கியதாகுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டி அடக்கி மரபணு (புற்றுக்கட்டி உருவாகாமல் தடுப்பது) செயலிழக்க அதில் பிறழ்வு ஏற்பட்டே தீர வேண்டும் என்பதில்லை. மரபணுவை இயக்கும் தொடக்கப் பகுதியான புரோமோட்டரில், 'சி'யை அடுத்து 'ஜி' அடிக்கடி வரும் சிபிஜி தீவில் உள்ள சைட்டோசின்கள் மீது மெத்தில் குழுக்கள் ஏறி, குரோமாட்டின் (டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த சுருள்) இறுகினாலே போதும். வரிசை அப்படியே இருக்கும், ஆர்என்ஏ மட்டும் வராது. இதுதான் எபிஜெனெடிக் முடக்கம். ஆனால் மெத்திலேற்றத்தைப் பார்த்ததுமே 'முடங்கிவிட்டது' என்று எழுதிவிடுகிறார்கள். பிசகு அங்கேதான் தொடங்குகிறது.

எந்த இடத்தைப் பார்க்கிறோம் என்பது முக்கியம். டிஎன்ஏ பிழைகளைத் திருத்த உதவும் எம்எல்எச்1 மரபணுவில், படியெடுப்பு தொடங்கும் புள்ளியை ஒட்டிய சிறு பகுதியின் மெத்திலேற்றம்தான் முடக்கத்தோடு ஒத்துப்போகிறது. சற்றுத் தொலைவில் ப்ரைமர் (பெருக்க வேண்டிய பகுதியைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வைத்தால், மரபணு நன்றாக இயங்கும் செல்லிலும் மெத்திலேற்றம் தெரியலாம். மரபணுவின் உடற்பகுதியிலோ நிலைமை பெரும்பாலும் தலைகீழ்: சுறுசுறுப்பாகப் படியெடுக்கப்படும் மரபணுவில்தான் அங்கே மெத்தில் அதிகம்.

ஆய்வகத்தில் அதிகம் கெடுவது, மெத்திலை அடையாளம் காண டிஎன்ஏவைப் பைசல்பைட் வேதிப்பொருளால் மாற்றும் கட்டம். மெத்தில் இல்லாத சைட்டோசின் யுராசிலாக மாறி, பிசிஆர் என்ற டிஎன்ஏ பெருக்கத்துக்குப் பின் 'டி' எனப் படிக்கப்படும். மெத்தில் உள்ளது 'சி'யாகவே நிற்கும். பைசல்பைட் ஒற்றை இழையில் மட்டுமே வேலை செய்வதால், இழைகள் முழுதாகப் பிரியாவிட்டாலும், புரதம் ஒட்டியிருந்தாலும், டிஎன்ஏவை அளவுக்கு மேல் போட்டாலும் மாற்றம் அரைகுறையாகும். அது அப்படியே பொய்யான மெத்திலேற்றமாகத் தெரியும். கண்டுபிடிப்பது எளிது. 'ஏ சி ஜி டி சி சி ஏ ஜி' என்ற துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெத்தில் இருந்தால் 'ஏ சி ஜி டி டி டி ஏ ஜி', இல்லையென்றால் 'ஏ டி ஜி டி டி டி ஏ ஜி' என வர வேண்டும். ஜி பின்தொடராத அந்த இரண்டு 'சி'களில் ஒன்று மிஞ்சினாலும் மாற்றம் முழுமையடையவில்லை என்று பொருள். பெரும்பாலான உடல் செல்களுக்கு இந்தச் சோதனை செல்லும். இத்தகைய தளங்களில் 99 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால்தான் தரவை நம்பலாம்.

டிஎன்ஏவைப் பெருக்கும் நொதிகளில், பிழை திருத்தும் பாலிமரேஸ்கள் பல யுராசிலைக் கண்டதும் நின்றுவிடும். சூடேறிய பின்பே இயங்கும் ஹாட்-ஸ்டார்ட் டாக் பாலிமரேஸ் போதும். பைசல்பைட் டிஎன்ஏவை நொறுக்குவதால் பெருக்கும் துண்டு 300 காரங்களை (டிஎன்ஏ எழுத்துகளை)த் தாண்ட வேண்டாம். பாரஃபின் மெழுகில் பதித்த திசுக்களுக்கு 150க்குள் வையுங்கள். மாற்றத்துக்குப் பின் இரு இழைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பதை மறந்து ப்ரைமர் வடிவமைப்பவர்களும் உண்டு.

மெத்தில் இருந்தால் மட்டுமே பெருக்கும்படி ப்ரைமர் அமைத்த பிசிஆரை 40 சுற்றுக்கு மேல் ஓட்டினால் எதிலும் ஜெல்லில் பட்டை வரும். 35க்குள் நிறுத்துங்கள். எம்.எஸ்எஸ்எஸ்ஐ நொதியால் முழுதும் மெத்திலேற்றிய டிஎன்ஏ ஒன்றும், முழு மரபணுத்தொகையைப் பெருக்கிய மெத்தில் அற்ற டிஎன்ஏ ஒன்றும் எப்போதும் கட்டுப்பாடாக வேண்டும். மெத்திலேற்றம் எவ்வளவு என்பதைப் பட்டை சொல்லாது. அதற்கு ஒவ்வொரு தளத்தின் சதவீதத்தையும் அளக்கும் பைரோசீக்குவென்சிங் தேவை. திசுவில் கட்டி செல்கள் 30 சதவீதம்தான் என்றால், அவை அனைத்திலும் முழுமையாக மெத்திலேற்றம் இருந்தாலும் அளவீடு ஏறக்குறைய 30 தான் காட்டும்.

மெத்திலை நீக்கும் டெசிடாபின் மருந்து கொடுத்து மரபணுவை மீட்டெழுப்பும் சோதனையில் செல் தேர்வே காலை வாரும். எச்சிடி116 என்ற பெருங்குடல் புற்றுச் செல்லில் எம்எல்எச்1 இல்லாததற்குக் காரணம் பிறழ்வு. எத்தனை நாள் மருந்து கொடுத்தாலும் பலனில்லை. ஆர்கேஓ செல்லில்தான் அது மெத்திலால் முடங்கியுள்ளது. செல் பிரிந்தால்தான் மருந்து வேலை செய்யும். நீரில் விரைவில் சிதையும். ஆகவே 0.5 முதல் 1 மைக்ரோமோலார், 72 மணி நேரம், தினமும் புதிய ஊடகம். மரபணுத்தொகை முழுதும் மெத்தில் குறைவதால், மரபணு விழித்தது மட்டுமே நேரடிச் சான்றாகாது. குறித்த இடத்தில் மட்டும் மெத்திலை நீக்கும் டிகாஸ்9-டெட்1 கருவியைக் கொண்டு அந்தப் புரோமோட்டரை மட்டும் தொட்டுப் பார்ப்பதுதான் உறுதியான வழி.

மெத்தில் இல்லையென்றால் முடக்கமும் இல்லை என்பதும் தவறே. ஈஇசட்எச்2 (EZH2) நொதி, டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் பதிக்கும் குறி தனியாகவே மரபணுவை அடக்கும். பி16 என்ற கட்டி அடக்கி மரபணு பல கட்டிகளில் முற்றிலும் நீக்கப்பட்டே போயிருக்கும்.

பெருங்குடல் கட்டியில் எம்எல்எச்1 புரதம் இல்லையென்றதும் லின்ச் நோய்த்தொகுப்பு (பரம்பரையாக வரும் புற்றுநோய்ப் போக்கு) என்று முடிவுகட்ட வேண்டாம். புரோமோட்டர் மெத்திலேற்றமோ பிராஃப் மரபணுவில் வி600இ பிறழ்வோ இருந்தால், அது பெரும்பாலும் பரம்பரை சாராதது. மிக இளம் நோயாளி என்றால் இரத்தத்திலும் மெத்திலேற்றத்தைச் சோதியுங்கள். அரிதாக அது உடல் முழுவதும் இருக்கும்.