குடும்பத்தின் மரக்கட்டைக் குடிலுக்கு வரலாறு எழுதும் முறை

தலைமுறைகளாக விடுமுறைக்குப் போய்வரும் மரக்கட்டைக் குடில் ஒன்று குடும்பத்தில் இருந்தால், "தாத்தா தம் கையாலேயே கட்டியது" என்பது போன்ற ஒரு பேச்சும் உடன் வழங்கிவரும். நிலம் எப்படிக் கைக்கு வந்தது, சுவர் எப்போது எழும்பியது, குடும்பத்தார் எப்போது அங்கே தங்கத் தொடங்கினர் என்ற மூன்று செய்திகள் அந்த ஒரு பேச்சுக்குள் கலந்து கிடக்கும். வரலாறு எழுத முனைபவர் முதல் வேலையாக இம்மூன்றையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பேடு ஒதுக்கிவிட வேண்டும். நிலத்தின் ஆண்டைக் கட்டடத்தின் ஆண்டாக எழுதிவிடுவதுதான் இத்தகைய வரலாறுகளில் அடிக்கடி காணப்படும் குழப்பம். தொடக்கத்திலேயே பிரித்துவிட்டால் அது நேராது.

குடும்பத்தில் வயது முதிர்ந்தவர்களைச் சந்திப்பதை எந்தக் காரணத்திற்காகவும் தள்ளிப்போடக் கூடாது. பத்திரம் அலுவலகத்தில் இருக்கும், கட்டை சுவரில் இருக்கும், அவற்றை அடுத்த ஆண்டும் பார்க்கலாம். பெரியவர்களிடம் "எந்த வருடம் கட்டினார்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஏதோ ஓர் எண் வரும், அந்த எண்ணை நம்பிப் பின்னர் எல்லாவற்றையும் அதன்மேல் அடுக்குவோம். அதைவிட, தண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள், யார் எந்த மூலையில் படுத்தீர்கள், விளக்கு என்ன விளக்கு, குளிர்காலம் முடிந்து முதல்முறை கதவைத் திறக்கும்போது என்ன மணம் வந்தது, யார் விறகு பிளந்தார்கள் என்று கேட்பது நல்லது. இப்படிக் கேட்கும்போது, "மின்சாரம் வந்தது கடைக்குட்டி பிறந்ததற்கு அடுத்த கோடையில்" என்பது போல, பிறப்பு, திருமணம், போர், வேலைமாற்றம் ஆகியவற்றோடு இணைத்து அவர்களே காலத்தைச் சொல்லிவிடுவார்கள். அந்த இணைப்புகளைப் பிறப்புப் பதிவோடு ஒப்பிட்டு ஆண்டாக மாற்றிக்கொள்ளலாம். முடிந்தால் குடிலுக்குள்ளேயே உட்காரவைத்துப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் இருந்தால், ஒவ்வொரு கோடும் யாருடையது என்று கேட்டு, பெயர், உயரம், தேதி ஆகியவற்றை அப்படியே படியெடுங்கள். அடுத்த முறை யாராவது வண்ணம் பூசினால் அந்தக் கோடுகள் போய்விடும்.

அடுத்தது கட்டடம். இங்கே அவசரம் கூடாது. ஒரு முழுப் பகலை ஒதுக்கி, விளக்கொளியைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பார்க்க வேண்டும். அப்போது கருவிகள் விட்டுச்சென்ற தடம் தெளிவாகத் தெரியும். கோடரியாலும் வாய்ச்சியாலும் செதுக்கிய முகத்தில் சிறு சிறு வெட்டுகளும் மேடுபள்ளங்களும் இருக்கும். மேலும் கீழும் இயங்கிய வாள் அறுத்த பலகையில் கோடுகள் ஏறக்குறைய நேராக ஓடும். வட்டரம்பம் அறுத்த பலகையில் அவை வில்லாக வளைந்திருக்கும். மூலைகளில் கட்டைகள் எப்படிக் கவ்விக்கொண்டிருக்கின்றன என்பதையும் வரைந்துகொள்ளுங்கள். உருண்டைக் கட்டையை அரைவட்டமாகக் குடைந்து ஒன்றன்மேல் ஒன்று அமர்த்தியது எளிய பொருத்து. புறாவின் வால்போல் விரித்துச் செதுக்கியது தேர்ந்த கையின் வேலை. முன்னறையில் ஒருவிதமும் பின்னறையில் வேறுவிதமும் இருந்தால், இரண்டும் ஒரே சமயத்தில் கட்டப்பட்டவைதாமா என்று ஐயப்பட வேண்டும்.

ஆணிகளும் பேசும். அமெரிக்காவைப் பொறுத்தவரை, கொல்லர் அடித்த ஆணி நான்கு பக்கமும் சரிந்து கூராகும். 1790களில் புழக்கத்துக்கு வரத் தொடங்கிய, தகட்டிலிருந்து வெட்டிய ஆணி இரண்டு பக்கம் மட்டும் சரியும். உருண்டைக் கம்பி ஆணி 1890களில்தான் பெருவழக்கானது. ஆயினும், ஒரே ஓர் ஆணியை வைத்துக் குடிலின் வயதைச் சொல்லிவிட முடியாது. பழைய ஆணியைச் சேமித்து வைத்துப் பின்னாளில் அடித்திருப்பார்கள். பழுதுபார்த்தபோது புது ஆணி சேர்ந்திருக்கும். தரைப்பலகையின் அடியிலும் கூரையின் உட்புறத்திலும் உள்ள ஆணிகளையே முதலில் பாருங்கள். யாரும் எளிதில் மாற்றாத இடங்கள் அவை. கட்டைகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் வெளியே சிமெண்டு தெரிந்தால், உதிர்ந்த ஓரத்தில் உள்ளே களிமண்ணோ பாசியோ சுண்ணாம்போ இருக்கிறதா என்று கவனியுங்கள். பழைய அடைப்பின்மேல் பிற்காலத்தில் சிமெண்டு பூசுவது மிகச் சாதாரணமாக நடந்தது. எதனோடும் பொருந்தாத வெற்றுக் குடைவோ துளையோ ஒரு கட்டையில் இருந்தால், அது வேறொரு கட்டடத்திலிருந்து கழற்றி வந்த கட்டையாக இருக்கக்கூடும். கட்டைக் கட்டடங்களைப் பிரித்து, எண்ணிட்டு, வேறிடத்தில் மீண்டும் அடுக்குவது எளிது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆண்டையே உறுதியாக அறிய வேண்டுமானால் மர வளையங்களை ஆராய்பவரை அழைக்கலாம். அரிசோனாவில் வானியலாளர் ஏ. இ. டக்ளஸ் உருவாக்கிய இம்முறை, 1929இல் கிடைத்த ஓர் உத்திரத்தின் துணையால் அங்குள்ள பழங்குடி மக்களின் தொல்கட்டடங்களுக்கு ஆண்டு குறிக்கும் அளவுக்கு வளர்ந்தது. உட்குழாயான துளைக்கருவியால் பென்சில் பருமனுள்ள ஒரு குச்சியைக் கட்டையிலிருந்து எடுத்து, வளையங்களின் அகல வரிசையை அதே வட்டாரத்தின் அறிந்த வரிசையோடு பொருத்துவார்கள். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் எஞ்சியிருந்தால்தான் மரம் வெட்டிய ஆண்டு கிடைக்கும். செதுக்கிச் சதுரமாக்கிய கட்டையில் வெளி வளையங்கள் போயிருப்பதால், "இந்த ஆண்டுக்குப் பிறகு" என்று மட்டுமே சொல்ல முடியும். கட்டைச் சுவருக்குப் பச்சை மரத்தையே பெரும்பாலும் பயன்படுத்தினார்கள் என்பதால், வெட்டிய ஆண்டும் கட்டிய ஆண்டும் பொதுவாக நெருங்கியே இருக்கும். கென்டக்கியில் ஆபிரகாம் லிங்கன் பிறந்த குடில் என்று நினைவு மண்டபத்துக்குள் போற்றி வைத்திருந்த கட்டைகளை 2004இல் இவ்வாறு ஆராய்ந்தபோது, அவற்றுள் மிகப் பழையதே 1848ஐச் சேர்ந்தது என்று தெரிந்தது. லிங்கன் பிறந்ததோ 1809. அந்தக் குடில் இன்றும் அங்கே அடையாளச் சின்னம் என்ற விளக்கத்தோடு நிற்கிறது. உங்கள் குடும்பப் பேச்சும் மரத்தோடு முரண்பட்டால் இதே வழியைப் பின்பற்றுங்கள்: பேச்சை நீக்காமல், யார் சொன்னது என்று குறித்து, அதன் அருகிலேயே மரம் சொல்வதையும் எழுதுங்கள்.

நிலத்துக்கான தேடலை இன்றைய உரிமையாளரிடம் தொடங்கி, ஒவ்வொரு பத்திரத்திலும் விற்றவர் பெயரைப் பிடித்துப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பத்திரம் பெரும்பாலும் நிலத்தைப் பற்றித்தான் பேசும். ஒரே நிலத்தின் வரி மதிப்பு ஓர் ஆண்டில் திடீரென உயர்ந்திருப்பதே அங்கே கட்டடம் எழுந்ததற்கான தடயமாகலாம். அமெரிக்கக் குடில்களுக்கு இரண்டு சட்டங்களை அறிந்திருப்பது பயன் தரும். 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டத்தின்படி நிலம் பெற்றவர், ஐந்தாண்டு வசிப்பை இரு சாட்சிகளோடு மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள அந்தக் கோப்புகளில் வீட்டின் அளவும் வேலியும் பயிரும்கூடப் பதிவாகியிருப்பதுண்டு. தேசியக் காடுகளில் கோடைக்குடில் கட்ட நீண்டகால அனுமதி வழங்க வழிசெய்தது 1915ஆம் ஆண்டின் சட்டம். அத்தகைய குடிலில் நிலம் அரசுக்கும் கட்டடம் குடும்பத்துக்கும் உரியவை என்பதால், பத்திரப் பதிவகத்தில் எவ்வளவு தேடினாலும் பலன் இராது. வனத்துறையின் வட்டார அலுவலகத்தில் உள்ள அனுமதிக் கோப்பைத்தான் கேட்க வேண்டும்.

புகைப்படங்களில் முகங்களைவிடப் பின்னணியைக் கவனியுங்கள். தாழ்வாரம் இல்லாத படம், தாழ்வாரம் உள்ள படம், புகைபோக்கி மாறிய படம் என்று அடுக்கினாலே கட்டடத்தின் மாற்றங்கள் வரிசைக்கு வந்துவிடும். அச்சின் ஓரத்தில் மாதமும் ஆண்டும் இருந்தால் அது படத்தைக் கழுவி அச்சிட்ட காலம். எடுத்த காலம் அதற்கு முந்தையது. படத்தின் பின்புறம் எழுதுவதாயின் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள்.

எழுதத் தொடங்கும்போது நிலம், கட்டடம், குடும்பம் என்ற மூன்று குறிப்பேடுகளையும் ஒரே கால வரிசையில் மூன்று பத்திகளாக எதிரெதிரே வையுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் அது ஆவணமா, மரமா, நினைவா என்று ஒரு சொல்லில் குறியுங்கள். காலியாக உள்ள ஆண்டுகளை ஊகத்தால் நிரப்பாமல் அப்படியே விடுங்கள். படித்துப் பார்க்கும் உறவினர் ஒருவர் அந்த இடைவெளியைக் கண்டு, தம் பெட்டியில் கிடந்த கடிதத்தை எடுத்துத் தருவார். முடித்த பிரதிகளில் ஒன்றைக் குடிலில் வைக்கலாம். ஆனால் மரக் கட்டடம் தீக்கு இரையாகக்கூடியது என்பதால், மூல ஆவணங்களையும் பேச்சுப் பதிவுகளையும் அங்கே வைக்காமல் இரண்டு வெவ்வேறு வீடுகளில் பாதுகாப்பதோடு, வட்டார வரலாற்று நூலகம் ஒன்றுக்கும் ஒரு படி கொடுத்துவிடுங்கள்.