தரங்கம்பாடியில் இரண்டு நாள் சும்மா இருப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

கடலோரத்தில் ஓய்வெடுக்கலாம் என்று சனிக்கிழமை கிளம்பி, போனதைவிடக் களைத்துப்போய் திங்கள்கிழமை ஆபீசில் உட்கார்ந்த அனுபவம் எனக்கு இரண்டு முறை உண்டு. மூன்றாவது முறைதான் சரியாக அமைந்தது. அப்போது செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். டிக்கெட் போடுவது, அறை தேடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

படி 1: மாதம்

ஜனவரி, பிப்ரவரி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, சித்திரையில் மதியம் மணலில் கால் வைக்க முடியாது.

படி 2: முதலில் அறை, பிறகுதான் டிக்கெட்

தரங்கம்பாடி சின்ன ஊர். கோட்டைக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி தங்க இடங்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். கிடைக்காவிட்டால் பக்கத்தில் திருக்கடையூரில் தங்கிக்கொள்ளலாம் என்று முதல்முறை நினைத்திருந்தேன். அங்கே அறுபதாம் கல்யாணம், எழுபதுக்கு பீமரத சாந்தி, எண்பதுக்கு சதாபிஷேகம் என்று குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். சனி, ஞாயிறில் கடைசி நேரத்தில் போய் அறை கேட்டால் கிடைப்பது கஷ்டம். அதனால் அறை உறுதியான பிறகே மற்றது.

படி 3: போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து இரவு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிவதற்கு முன்பே மயிலாடுதுறையில் இறங்கிவிடலாம். அங்கிருந்து பஸ். ஏறும்போதே "திருக்கடையூர், தரங்கம்பாடி வழியா போகுமா?" என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள், பலகையில் காரைக்கால் என்று இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் இறங்குவது மெயின் ரோட்டில். உள்ளே கொஞ்ச தூரம் நடந்தால் டேனிஷ்காரர்கள் 1792-ல் கட்டிய நுழைவாயில் வரும். அதைத் தாண்டியதும் ராஜ வீதி, ஹாரன் சத்தம் அங்கேயே நின்றுவிடும்.

படி 4: 'அப்படியே' என்ற சொல்லை விடுவது

நான் இரண்டு முறையும் தடுக்கி விழுந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் வீடுகளில் எந்தப் பயணமும் "வந்தது வந்தோம், அப்படியே..." என்றுதான் நீளும். தரங்கம்பாடியில் அது இன்னும் சுலபம், ஏனென்றால் சுற்றிலும் எல்லாமே பக்கம். அப்படியே அபிராமியைப் பார்த்துவிடலாம், அப்படியே திருநள்ளாறு, வைத்தீஸ்வரன் கோயில், பூம்புகார், நாகூர், வேளாங்கண்ணி. இரண்டாவது முறை வேன் பிடித்து ஒரே நாளில் ஐந்து இடம் போனோம். கடற்கரைக்கு வந்து சேர்ந்தபோது ராத்திரி எட்டு மணி. அம்மாவுக்கு இரண்டு காலும் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் மட்டும் பள்ளமாகத் தெரிந்தது. "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கப்பா, நான் வேன்லயே இருக்கேன்" என்றார். கடலுக்கென்று கிளம்பிய பயணத்தில் அம்மா கடலையே பார்க்கவில்லை. அது இன்னும் எனக்கு மனசில் உறுத்துகிறது.

இப்போது எங்கள் வீட்டில் ஒரே ஒரு 'அப்படியே'தான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை, திரும்பும் வழியில். மயிலாடுதுறை போகிற பாதையிலேயே திருக்கடையூர் இருக்கிறது. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் சாயங்காலம் நடை திறந்ததும் தரிசனம், அங்கிருந்து நேராக ரயில். மற்ற கோயில்களுக்கு வேறொரு பயணம் போட்டுக்கொள்ளுங்கள், சாமி எங்கும் போய்விடாது.

படி 5: வெயிலைப் பார்த்து நாளைப் பிரிப்பது

இது கிழக்குக் கடற்கரை. சூரியன் கடலில் உதிக்கும், கடலில் மறையாது. எனவே ஐந்தரைக்கே எழுந்து மணலுக்குப் போய்விடுங்கள். ஃபைபர் படகுகள் கரையேறும் இடத்தில் வலையை விரித்துப் போட்டு, சிக்கிய நண்டை ஒவ்வொன்றாக, கால் ஒடியாமல் திருப்பித் திருப்பி எடுப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் போய்விடும். வலையை மிதிக்காதீர்கள், முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள்.

அப்புறம் மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் அலை அடிக்கிற பக்கம் கல் கொட்டியிருக்கிறார்கள். இந்த ஊருக்கு அப்போது சடங்கன்பாடி என்று பேர்.

டேன்ஸ்போர்க் கோட்டை 1620-ல், தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கட்டியது. அதையும், ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அடக்கமாகியிருக்கும் 1718-ம் ஆண்டு புதிய எருசலேம் தேவாலயத்தையும் காலையிலேயே பார்த்து முடித்துவிடலாம். பதினொன்றிலிருந்து நாலு வரை அறையில் தூக்கம்தான். இதை வீணான நேரம் என்று நினைக்காதீர்கள், வந்ததே இதற்குத்தான். மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து கொண்டல் காற்று கிளம்பியதும் திரும்ப வெளியே வரலாம். சாயங்காலம் வெயில் முதுகுப் பக்கம் விழ, கோட்டை நிழல் கடல் பக்கமாக நீளும்போது உட்கார அதைவிட நல்ல நேரம் கிடையாது.

பைக்குள்

டர்க்கி டவல் வேண்டாம். உப்புக் காற்றில் ராத்திரி முழுக்கக் காயாது, மணலையும் விடாது. ஈரிழைத் துண்டு இரண்டு போதும், ஒரு உதறலில் மணல் போய்விடும். ரப்பர் செருப்பு, எவர்சில்வர் ஃபிளாஸ்க், சில்லறை நோட்டு. ஃபிளாஸ்க்கில் முந்தின ராத்திரியே வெந்நீர் வாங்கி வைத்தால் விடிகாலையில் டீக்கடை தேடி அலைய வேண்டாம்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் போய்வந்த சிலர் சொன்னதையும் சேர்க்கிறேன்.

குளிக்கலாமா என்று பலர் கேட்டார்கள். கோட்டை, கோயில் பக்கம் வேண்டாம். கொட்டிய கற்கள் தண்ணீருக்குள்ளும் கிடக்கின்றன, பாசி வழுக்கும், அலை இழுப்பும் உண்டு. கணுக்கால் வரை நனைத்தால் போதும், குழந்தைகள் கையை விடாதீர்கள்.

முழங்கால் வலி இருப்பவர்களுக்கு ஊர் முழுக்கச் சமதரை, சிரமம் கோட்டையின் படிக்கட்டில் மட்டும்தான்.

ரயில் கிடைக்காமல் பஸ்ஸில் திரும்புகிறவர்களுக்கு: ஞாயிறு இரவு மெயின் ரோட்டில் நின்று கை காட்டினால் வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் பஸ்கள் நிரம்பித்தான் வரும். முன்பதிவு இல்லையென்றால் தெற்கே காரைக்கால் போய் அங்கிருந்தே ஏறுங்கள்.